பட்டிமன்றத் தலைப்பிலிருந்து அரசாணை வரை: குமரி மாவட்டத்தில் கொள்கை விவாதம் நடத்தும் முறை

“மாவட்ட வளர்ச்சிக்குப் பெரிதும் துணை நிற்பது சுற்றுலாவா, விவசாயமா?” என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள் நன்றாகவே பேசுவார்கள். கைதட்டல் விழும். இரண்டும் வேண்டும் என்று நடுவர் முடித்துவைப்பார். பேசி இறங்கிய மாணவரிடம், “சரி, இதற்கு யார் என்ன செய்யணும்? எந்தச் சட்டப்படி?” என்று கேட்டால் விழிப்பார். அது அவர் தப்பில்லை. தலைப்பு அதைக் கேட்கவே இல்லை.

கொள்கை விவாதம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. ஒட்டிப் பேசும் அணி, ஓர் அரசு எடுக்க வேண்டிய நடவடிக்கையைத் திட்டமாக எழுதிக்கொண்டு வரும். வெட்டிப் பேசும் அணி அந்தத் திட்டத்தையே பிரித்துப் பார்க்கும். அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் முறை இது. அங்கே நாடு முழுக்க ஒரே தலைப்பை ஓராண்டு முழுவதும் விவாதிப்பார்கள். அணிக்கு இரண்டு பேர். நீளமும் வேகமும் நமக்கு ஒத்துவராது. எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு மற்றதை நம் பள்ளி நேரத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளலாம். எப்படி என்பதே இக்கட்டுரை.

தலைப்பு எழுதுதல்

தலைப்பில் மூன்று இருக்க வேண்டும்: செய்ய வேண்டிய அரசு, நடவடிக்கையின் திசை, அது தொடும் பொருள். “கன்னியாகுமரி மாவட்டச் சாலைகளில் கனிமம் ஏற்றிச் செல்லும் லாரிகளின் போக்குவரத்தைத் தமிழ்நாடு அரசு கூடுதலாகக் கட்டுப்படுத்த வேண்டும்” என்பதில் மூன்றும் உண்டு. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் ஆரல்வாய்மொழியில் நுழைந்து களியக்காவிளை வழியே கேரளத்துக்குப் போவதை அந்தப் பாதையில் பள்ளிக்குப் போகும் எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கும். ஆகவே பேச ஆள் பஞ்சம் வராது. இரு பக்கமும் சரக்கு உள்ள தலைப்பும்கூட: விபத்து, சாலைச் சேதம், தூசி ஒரு பக்கம், ஓட்டுநர் பிழைப்பு, கட்டுமானத் தேவை, வணிகச் சுதந்திரம் மறுபக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் இன்னொரு நல்ல தலைப்பு. இரண்டு தடைக்காலத்துக்கும் உட்பட்ட மாவட்டம் நம்முடையது. சின்னமுட்டம் பக்கத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்தான். மாவட்டம் முழுவதற்கும் ஒரே தடைக்காலம் வேண்டும் என்று தலைப்பு வைத்தால் அணிகள் நேரே அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் போய் முட்டும். மாநிலப் பட்டியலின் 21-ஆவது இனம் மீன்வளம். ஆட்சிக்குட்பட்ட கடலுக்கு அப்பாலுள்ள மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலின் 57-ஆவது இனம். அதாவது கரையிலிருந்து 12 கடல் மைல் வரை சென்னை, அதற்கப்பால் டெல்லி. ஆழ்கடலுக்குப் போகிற படகைப் பற்றிப் பேசும் தலைப்பில் “தமிழ்நாடு அரசு” என்று மட்டும் எழுதினால் பாதிக் கடல் வெளியே நிற்கும். தலைப்பு எழுதுகிறவர் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலைத் தலைப்பாக எடுத்தாலும் இதே கதைதான்: அந்த மணலிலுள்ள மோனசைட் அணுசக்திக் கனிமம் என்பதால் முக்கிய முடிவுகள் ஒன்றிய அரசின் கையில்.

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீர் கடைமடைக்குச் சேர்வது, குளங்களில் தூர் வாருவது ஆகியவையும் நல்ல தலைப்புகள். புதிதாகத் தொடங்கும் பள்ளிக்கு இவையே எளிது. நீர்வளத் துறை என்ற ஒரே துறையோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

விட்டுவிட வேண்டியவை: “சிறந்தது எது”, “காரணம் யார்”, “பெரிதும் துணை நிற்பது” என்று முடியும் எல்லாமே. மதம், சாதி, கட்சி பெயர் வரும் தலைப்பும் இந்த வடிவத்துக்கு ஒத்துவராது. பேசக்கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. அவற்றில் அரசு எடுக்கும் நடவடிக்கை பின்னால் போய், ஆள் முன்னால் வந்துவிடும்.

திட்டம் எழுதுதல்

ஒட்டி அணியின் உயிர் இங்கேதான். திட்டம் அறுபது எழுபது சொல்லுக்குள், ஒரே மூச்சில் வாசிக்கக்கூடியதாக, தாளில் அச்சிட்டதாக இருக்க வேண்டும். எதிரணிக்கும் நடுவருக்கும் ஒவ்வொரு பிரதி முன்கூட்டியே கொடுக்க வேண்டும். லாரித் தலைப்புக்கு ஒரு மாதிரி:

“மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 115-ஆம் பிரிவின் கீழ்த் தமிழ்நாடு அரசு அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு, ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரையிலான சாலையில், பத்துச் சக்கரமும் அதற்கு மேலும் உள்ள கனிம லாரிகள் பள்ளி வேலை நாள்களில் காலை 7.30 முதல் 9.30 வரையும் மாலை 3.30 முதல் 5.30 வரையும் ஓடுவதைத் தடை செய்யும். காவல் துறையும் போக்குவரத்துத் துறையும் இரு முனைச் சோதனைச் சாவடிகளிலும் இதை அமல்படுத்தும். அறிவிப்புப் பலகைச் செலவு சாலைப் பாதுகாப்பு நிதியிலிருந்து. ஜூன் 1 முதல் நடப்புக்கு வரும்.”

யார், எந்த அதிகாரத்தில், என்ன, யார் கையால், எந்தப் பணத்தில், எப்போது: ஆறும் இருக்கின்றன. 115-ஆம் பிரிவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பொதுப் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, சாலை, பாலத்தின் தன்மை கருதியோ, குறிப்பிட்ட வகை வண்டியைக் குறிப்பிட்ட சாலையில் கட்டுப்படுத்த மாநில அரசுக்கோ அது அதிகாரம் கொடுத்தவருக்கோ அந்தப் பிரிவு இடம் தருகிறது. தடை ஒரு மாதத்துக்குள் முடிவதானால் அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை. உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். ஒரு மாதத்துக்கு மேல் போனால் அரசிதழ் வேண்டும். சாலையில் பலகை வைப்பதும் அந்தப் பிரிவே விதிக்கும் கடமை. இந்த நுணுக்கம் தெரிந்த மாணவர் குறுக்கு விசாரணையில் அசையமாட்டார். “கலெக்டர் தடை போடுவார்” என்று மட்டும் எழுதிவந்தவர் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுவார்.

அடிக்கடி வரும் கோளாறு, திட்டத்துக்குப் பதில் ஆசையை எழுதுவது. “கடும் நடவடிக்கை எடுக்கப்படும்”, “விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்”, “குழு அமைக்கப்படும்” என்ற மூன்று வாக்கியத்தையும் கண்டவுடன் அடித்துவிடுங்கள். செயப்பாட்டு வினை இருக்கும் இடத்தில் பெரும்பாலும் செய்கிறவர் ஒளிந்திருப்பார்.

அடுத்த கோளாறு, அதிகாரத்துக்கு மீறிய திட்டம். “கேரளத்துக்குக் கனிமம் கொண்டுபோவதையே தடை செய்வோம்” என்று ஓர் அணியாவது எழுதிவரும். அரசமைப்பின் 301-ஆவது உறுப்பு இந்தியா முழுவதும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது. பொதுநலன் கருதி மாநிலச் சட்டமன்றம் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று 304-ஆவது உறுப்பு வழிவிடுகிறது; அதற்குக் குடியரசுத் தலைவரின் முன் அனுமதி வேண்டும். ஆற்று மணலை மாநிலத்துக்கு வெளியே கொண்டுசெல்லக் கூடாது என்று குஜராத் அரசு வகுத்த விதியை 2019-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. வெட்டி அணி இந்த ஒரு சீட்டை வைத்தே ஆட்டத்தை முடித்துவிடும்.

“நடந்ததாகக் கொள்வோம்” என்ற விதி

அதிகாரம் கையில் இருப்பதாகப் பாவித்துப் பேசும் இந்தப் பாவனை அரசாட்சியின் அச்சாணி இது. புது நடுவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். “வேண்டும்” என்று தலைப்பு கேட்கிறது. ஆகவே அரசு அந்த ஆணையைப் பிறப்பித்துவிட்டது என்று இரு அணியும் ஏற்றுக்கொண்டு, பிறகு என்ன ஆகும் என்று விவாதிக்க வேண்டும். “இந்த அரசாங்கமா இதைச் செய்யும்? நடக்கிற காரியமா?” என்று வெட்டி அணி பேசினால் அந்த நிமிடம் வீண், நடுவர் கணக்கில் எடுக்கக் கூடாது. செய்யுமா என்பது கேள்வியே இல்லை, செய்ய வேண்டுமா என்பதுதான்.

ஆனால் இந்த விதி தருவது கையெழுத்து வரைக்கும்தான். அதற்கு மேல் ஒட்டி அணி சான்று காட்டியாக வேண்டும். லாரிக்காரர்கள் கீழ்ப்படிவார்கள் என்று வைத்துக்கொள்ள முடியாது. எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலைப் பக்கத்துக் காவல் துறை ஒத்துழைக்கும் என்று வைத்துக்கொள்ள முடியாது. திட்டத்தின் கர்த்தா தமிழ்நாடு, கேரளம் அல்ல. இல்லாத நிதி வந்துசேர்ந்ததாகச் சொல்ல முடியாது. மக்கள் மனம் மாறியதாகவும் சொல்ல முடியாது. தேசிய நெடுஞ்சாலையில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தத் தனியாக 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழுள்ள நெடுஞ்சாலை நிர்வாகம் குறுக்கே வந்தால் என்ன செய்வது என்பதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும்.

இந்தக் கோட்டைப் போட்டி தொடங்குமுன் இரு அணிக்கும் வாசித்துக் காட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாத இடங்களில் பாதி நேரம் “நடக்கும்”, “நடக்காது” என்ற சண்டையிலேயே போய்விடும்.

சான்றுச் சீட்டு

தலைப்பைப் போட்டிக்கு எட்டு வாரம் முன்பே அறிவித்துவிடுங்கள். காரணம் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஆசிரியர் பெயரில் மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. தாமதத்துக்கும் இடம் விட்டுக் கணக்குப் போட்டால் எட்டு வாரம் வரும். லாரித் தலைப்புக்கு என்ன கேட்பது? அந்தச் சாலையில் கடந்த மூன்று ஆண்டில் பதிவான விபத்து, அதில் கனரக வாகனம் சம்பந்தப்பட்டவை, நேரம் வாரியாக. நேரம் வாரியாக என்பதை விட்டுவிட்டால் வருகிற எண் உங்கள் திட்டத்துக்கு உதவாது. பள்ளி நேரத்தில் எத்தனை, நள்ளிரவில் எத்தனை என்று பிரித்தால்தான் நேரத் தடை சரியா என்பது தெரியும். ஒருவேளை இரவில்தான் அதிகம் என்று பதில் வந்தால்? திட்டத்தை மாற்றுங்கள். பதிலை மறைத்தால் வெட்டி அணி அதே மனுவைப் போட்டு வைத்திருக்கக்கூடும்.

மற்ற இடங்கள்: மாவட்டப் புள்ளியியல் கையேடு, மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு (தமிழிலேயே இணையத்தில் கிடைக்கும், மாணவர் கண்டுகொள்ளாமல் விடும் பொக்கிஷம் இது), சட்டப் பிரிவுகளுக்கு ஒன்றிய அரசின் இந்தியா கோட் தளம். செல்பேசிச் செயலியிடம் கேட்டு வாங்கிய பிரிவு எண்ணை அப்படியே எழுத வேண்டாம். இல்லாத பிரிவையும் அது அழகாக எழுதித் தரும். மூலச் சட்டத்தில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சீட்டில் ஏற்றுங்கள்.

சீட்டு என்பது அரை ஏ-4 தாள். மேலே ஒரு வரியில் அது நிறுவும் கூற்று. அடுத்த வரியில் யார் சொன்னது, எங்கே, எந்தத் தேதி. கீழே மூல வாசகம் மாறாமல். நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது. முன்னும் பின்னும் ஒவ்வொரு வாக்கியம் சேர்த்தே எழுத வேண்டும். “ஆனால்” என்று தொடங்கும் அடுத்த வாக்கியத்தை விட்டுவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் ஏமாற்று. விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளில் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. எல்லைக்கு அப்பாலுள்ள விலை நிலவரத்துக்கும் செய்திக்கும் அது பெரிய பலம். மலையாளச் சான்றை அனுமதியுங்கள்; தமிழாக்கத்தோடு மூலப் பிரதியும் கையில் இருக்க வேண்டும் என்று மட்டும் விதி போடுங்கள்.

ஒரு பேச்சுக்கு நான்கு சீட்டுக்கு மேல் கூடாது. அமெரிக்கப் போட்டிகளில் நேரத்துக்குள் சான்றை அடைப்பதற்காகப் புரியாத வேகத்தில் வாசிக்கும் பழக்கம் வளர்ந்துவிட்டது. அந்த நோயை இறக்குமதி செய்ய வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

நேரமும் முறையும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி அளவு: நான்கு அமைப்புரை (வாதத்தைக் கட்டி எழுப்பும் பேச்சு), ஒவ்வொன்றும் 8 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் பின் 3 நிமிடக் குறுக்கு விசாரணை, பிறகு நான்கு மறுப்புரை, 5 நிமிடம் வீதம். தயாரிப்பு நேரம் இல்லாமலே 64 நிமிடம். நம் பள்ளியில் இரண்டு பாடவேளையைச் சேர்த்தால் 80, 90 நிமிடம் கிடைக்கும். ஆகவே 5, 2, 3 என்று சுருக்குங்கள். அமைப்புரை 20, விசாரணை 8, மறுப்புரை 12, ஆக 40. அணிக்கு 4 நிமிடம் தயாரிப்பு, விரும்பிய இடத்தில் எடுத்துக்கொள்ளலாம், ஆக 48. நடுவர் யோசிக்க 10, விளக்க 15. எழுபத்து மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

வரிசை இப்படி: ஒட்டி முதல்வர், வெட்டி முதல்வர், ஒட்டி இரண்டாமவர், வெட்டி இரண்டாமவர். மறுப்புரை தலைகீழாக வெட்டியில் தொடங்கும்: வெட்டி முதல்வர், ஒட்டி முதல்வர், வெட்டி இரண்டாமவர், கடைசியில் ஒட்டி இரண்டாமவர். மாற்ற வேண்டும் என்று கேட்கும் பாரம் ஒட்டி அணியின் மேல் இருப்பதால் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அதற்கு.

குறுக்கு விசாரணை செய்கிறவர் அடுத்துப் பேசப்போகிறவராக இருக்கக் கூடாது. ஒட்டி முதல்வர் பேசி முடித்ததும் வெட்டி இரண்டாமவர் கேட்பார். அந்த இரண்டு நிமிடத்தில் வெட்டி முதல்வர் தன் குறிப்பை அடுக்கிக்கொள்வார். இதே கணக்கு நான்கு முறையும். கேள்வி குட்டியாக இருக்க வேண்டும். “உங்கள் அறிவிக்கை ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்குமா?” நல்ல கேள்வி. “இதனால் ஏழை ஓட்டுநர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பதை நீங்கள் யோசித்தீர்களா?” கேள்வியே அல்ல, பேச்சு.

ஒரு நெருக்கடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெட்டி இரண்டாமவரின் 5 நிமிடமும் வெட்டி முதல்வரின் 3 நிமிட மறுப்பும் அடுத்தடுத்து வருகின்றன. எட்டு நிமிடம் கேட்டுவிட்டு மூன்றே நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் ஒட்டி முதல்வர். பெரும்பாலான தோல்வி இந்த மூன்று நிமிடத்தில்தான் நடக்கிறது. ஒவ்வொரு வாதத்துக்கும் முழு வாக்கியத்தில் பதில் சொல்லத் தொடங்கினால் பாதியில் மணி அடித்துவிடும். ஒரே வேரிலிருந்து வரும் வாதங்களைக் கட்டாகக் கட்டி, கட்டுக்கு ஒரு பதில். தனக்கு எதிரில்லாததைத் தொடாமல் தாண்டல். கடைசி முப்பது நொடி சொந்தத் திட்டத்தின் பலனுக்கு. இதை மட்டும் தனியாகப் பத்து முறை பயிற்சி கொடுங்கள். வெட்டி அணி இருவரும் ஒரே விஷயத்தைப் பேசினால் அவர்களுக்கு அந்த எட்டு நிமிடமும் விரயம். யார் எதை எடுப்பது என்று முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும்.

குறிப்பெடுக்க ஏ-3 தாள். அகலவாக்கில் வைத்து மூன்று முறை பாதியாக மடித்தால் எட்டுப் பத்தி. எட்டுப் பேச்சுக்கு எட்டுப் பத்தி. ஒட்டிக்கு நீலம், வெட்டிக்குச் சிவப்பு. முதல் பத்தியில் எழுதிய வாதத்துக்கு நேரே, அதே மட்டத்தில், பதிலை அடுத்த பத்தியில் எழுத வேண்டும். நேரே காலியாக இருந்தால் அந்த வாதத்துக்குப் பதிலே வரவில்லை என்று கண்ணுக்கே தெரியும். திட்டத்துக்கு ஒரு தாள், எதிரணி கொண்டுவரும் புது வாதங்களுக்கு இன்னொரு தாள். வரிக்கு வரி எழுதுகிறவர் தோற்றுவிடுவார். நான்கைந்து சொல்லுக்கு மேல் ஒரு வாதத்துக்கு வேண்டாம்.

வெட்டிப் பேசுவது

மறுப்பு மூன்று வழியில் வரும். முதலாவது திட்டத்தின் உள்ளேயே: கேடு சொன்ன அளவுக்கு இல்லை, இருக்கிற சட்டமே போதும், திட்டம் பலிக்காது. கூடுதல் எடைக்கு 2019 திருத்தத்துக்குப் பின் 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. சட்டம் இருந்தும் நிலைமை மாறவில்லை என்றால் கோளாறு சட்டத்திலா, அமலிலா? ஒட்டி அணி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, திட்டத்தால் புதிதாக வரும் கேடு. இது சங்கிலியாக இருக்க வேண்டும். இப்போது லாரிகள் நாள் முழுக்கப் பரவி ஓடுகின்றன. தடை வந்தால் காலை இரண்டு மணி நேரம் ஆரல்வாய்மொழிக்கு வெளியே வரிசையில் நிற்கும். 9.30-க்கு ஒரே அலையாகத் திறந்துவிடப்படும். இழந்த நேரத்தைப் பிடிக்க ஓட்டுநர் வேகம் கூட்டுவார். தக்கலை, மார்த்தாண்டம் நெரிசலில் அந்த வேகம் எங்கே போய் முடியும் என்று காட்ட வேண்டும். நான்கு கண்ணியில் ஒன்றுக்குச் சான்று இல்லாவிட்டாலும் சங்கிலி அறுந்தது. மாணவர்கள் முதலாவதையும் கடைசியையும் சொல்லிவிட்டு நடுவைத் தாண்டுவார்கள். ஒட்டி அணி கை வைக்க வேண்டிய இடம் அந்த நடு.

மூன்றாவது, மாற்றுத் திட்டம்: நேரத் தடை வேண்டாம், குவாரி வாசலிலேயே எடைப்பாலம் வைத்து, கனிமம் கொண்டுசெல்லத் தரும் நடைச்சீட்டோடு இணைப்போம் என்பது போல. நல்ல உத்தி. ஆனால் இரண்டையும் சேர்த்தே செய்ய முடியும் என்று ஒட்டி அணி காட்டிவிட்டால், அது முதல் திட்டத்தை மறுக்கக் காரணமாகாது. எடைப்பாலம் வைத்தால் நேரத் தடை ஏன் கேடாகும் என்பதையும் வெட்டி அணி நிறுவ வேண்டும். இந்தப் பகுதியைப் புதிய அணிகளுக்கு முதல் ஆண்டில் தவிர்த்துவிடுவதே நல்லது.

நடுவர்

நல்ல தமிழாசிரியர், நல்ல பட்டிமன்றப் பேச்சாளர் எல்லாரும் இங்கே நல்ல நடுவர் ஆகிவிடமாட்டார்கள். உச்சரிப்புக்கு 20, மெய்ப்பாட்டுக்கு 20 என்ற மதிப்பெண் தாளைத் தூக்கி ஓரமாக வையுங்கள். நடுவர் வரிசையாக நான்கு கேள்விக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். கேடு இருக்கிறது என்று நிறுவப்பட்டதா? இப்போதுள்ள ஏற்பாடு அதை ஏன் தீர்க்கவில்லை? திட்டம் எவ்வளவு தீர்க்கும்? அதற்குக் கொடுக்கும் விலை அதைவிடக் குறைவா? சமமாக நின்றால் வெற்றி வெட்டி அணிக்கு. மாற்றம் கேட்டவர் நிறுவவில்லை என்று பொருள்.

நடுவர் தனக்குத் தெரிந்ததைச் சேர்க்கக் கூடாது. 115-ஆம் பிரிவைப் பற்றி ஒட்டி அணி தப்பாகச் சொல்லி, வெட்டி அணி அதைக் கவனிக்காமல் விட்டால், தீர்ப்பில் அதற்கு இடமில்லை. விளக்கம் சொல்லும் 15 நிமிடத்தில் திருத்திவிடலாம். மறுப்புரையில் புதிதாக எடுத்த வாதமும் கணக்கில்லை. பதில் வராத வாதம் ஏற்கப்பட்டதாகும், ஆனால் காரணத்தோடு சொல்லியிருந்தால் மட்டும். “இது அரசமைப்புக்கு விரோதம்” என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனால் அதற்குப் பதில் வராதது குற்றமாகாது.

பாவனையின் மீதான குற்றச்சாட்டு

கையில் இல்லாத அதிகாரத்தை இருப்பதாகப் பாவித்துப் பேசுவதால் மாணவர் வேடிக்கை பார்ப்பவராகவே நின்றுவிடுகிறார், ஆள்கிறவரின் குரலில் பேசப் பழகி ஆளப்படுகிறவரை மறந்துவிடுகிறார் என்று அமெரிக்க விவாத வட்டத்திலேயே நெடுநாள் வாதம் உண்டு. வெறும் பேச்சல்ல இது. தூத்தூர்ப் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, கடலோர ஊரை இடம்பெயர்க்கும் திட்டத்தை “பயனாளிகள்”, “மறுகுடியமர்வு” என்ற சொற்களில் வாசித்துக்கொண்டே போவதைக் கேட்டால் அந்தக் குற்றச்சாட்டின் கூர்மை புரியும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலில் திரும்பி வராதவர்களின் வீடுகள் உள்ள மாவட்டம் இது. எச்சரிக்கை முறையைப் பற்றிய தலைப்பை இங்கே எடுக்கும்போது சொல்லை எண்ணிப் பேசத்தான் வேண்டும்.

ஆனால் அதற்காகப் பாவனையைக் கைவிடுவது சரியல்ல என்பதே எங்கள் வாதம். அரசு எப்படி இயங்குகிறது என்று தெரியாதவர் அதனிடம் கேட்கத் தெரியாதவராகவே இருப்பார். எந்த மனு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது, அந்த மேசையின் அதிகாரம் எதுவரை என்று அலசியவருக்குத்தான் தெரியும். அத்தோடு, இன்று ஒட்டிப் பேசியவர் நாளை அதே தலைப்பில் வெட்டிப் பேச வேண்டியிருப்பதால், தன் திட்டத்தின் ஓட்டையைத் தானே தேடவேண்டி வருகிறது. எழுதிக்கொடுத்த வசனத்தைச் சபாநாயகராகவும் அமைச்சராகவும் நின்று ஒப்பிக்கும் மாதிரிப் பாராளுமன்றத்தில் இது கிடைக்காது.

கெடுதலைக் குறைக்கச் சில விதிகள் போதும். “நாங்கள் தடை செய்கிறோம்” என்று பேச வேண்டாம். “அரசு தடை செய்ய வேண்டும் என்கிறோம்” என்று பேசச் சொல்லுங்கள். மாணவர் வழக்குரைக்கிறார், நாற்காலியில் உட்காரவில்லை. ஒவ்வொரு திட்டத்தோடும் “இதன் சுமை யார் தலையில்?” என்ற ஒரு பத்தி கட்டாயம், லாரித் தலைப்பில் அது நாள்கூலி ஓட்டுநரும் கிளீனரும். அவர்கள் சொன்னதாக ஒரு சான்றாவது, தேதியோடும் இடத்தோடும், பெயரில்லாமல் இருக்கட்டும்.

போட்டி நாள்

எட்டு அணி, பதினாறு பேர், நான்கு அறை, நான்கு நடுவர். வெளியேற்றும் முறை வேண்டாம். பாதிப் பிள்ளைகள் பதினொரு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார்கள். மூன்று சுற்று எல்லாருக்கும். முதல் சுற்றில் ஒட்டியவர் இரண்டாவதில் வெட்டுவார். மூன்றாவதில் பூவா தலையா. 9.30-க்கு முதல் சுற்று, 11.15-க்கு இரண்டாவது, சாப்பாட்டுக்குப் பின் 1.45-க்கு மூன்றாவது. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் திரும்ப வேண்டியவர்கள் நான்கு மணிக்குள் நாகர்கோவிலில் பேருந்து ஏறிவிடலாம். அறைக்கு ஒரு நேரக் காப்பாளர். 2, 1, அரை நிமிடம் என்று எழுதிய அட்டை மூன்று. மணியை விட அட்டை மேல், பேச்சின் நடுவே சத்தம் விழாது.

போட்டிக்குப் பிறகு ஒரு வேலை மீதி இருக்கிறது. அன்று அதிகம் அடிபட்டும் நின்ற திட்டத்தை எடுத்து, வெட்டி அணிகள் சொன்ன வலுவான இரண்டு மறுப்புக்கு ஏற்பத் திருத்தி, ஒரு பக்க மனுவாக எழுதுங்கள். ஊராட்சி அதிகாரத்துக்குள் வருவதானால் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் அதன் உறுப்பினர். பெற்றோர் ஒருவர் முன்வைக்க வேண்டும். மாவட்ட அளவிலானது என்றால் திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாள் கூட்டம். மனுவில் பிரிவு எண்ணும் கேட்கும் நடவடிக்கையும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். வருத்தமும் வேண்டுகோளும் பிறகு. ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்ப வேண்டாம், அந்த எண் இருந்தால்தான் மனு எந்தத் துறைக்குப் போனது என்று பின்னால் கேட்க முடியும்.